காலைப் பசியாறலும் குருதிச் சர்க்கரையும்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் காலையுணவைப் 'பசியாறல்' என்பர். காலையில் ஒருவரை ஒருவர் கண்டால் 'பசியாறியாயிற்றா?' என்று கேட்பது இங்கு வணக்கம் கூறுவதற்கு ஒப்பான நலவிசாரணை. இரவு முழுதும் வெறுமையாய் இருந்த வயிற்றுக்கு முதற் கவளம் இடும் வேளைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைவது அரிது. ஆயினும், 'இனிப்பு நீர்' என மக்கள் வழங்கும் நீரிழிவு நோய் உடையார் பலருக்கு, மூவேளை உணவில் மிகுதியான தொல்லை தருவது இந்தக் காலை வேளையேயாகும். நண்பகலில் சோறு உண்டபோது அடங்கியிருந்த சர்க்கரை, காலையில் அதே அளவு மாச்சத்தை உண்டபோது மிகுந்து நிற்கக் காண்போர் உளர். அதற்குக் காரணம் யாது? பசியையும் ஆற்றிச் சர்க்கரையையும் அடக்கி வைக்கும் வழி உண்டா? இவ்விரண்டையும் அறிந்துகொள்வது நம் மக்களுக்கு இன்றியமையாதது.

இன்றியமையாதது என்பது மிகைக்கூற்று அன்று. மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு நடந்த தேசிய உடல்நல ஆய்வில், வயது வந்தோருள் நூற்றுக்கு 18.3 பேர் நீரிழிவுடையராய்க் காணப்பட்டனர். இனவாரியாகப் பார்க்குங்கால் இந்தியரிடையேதான் அவ்விகிதம் மிகுதி. சிங்கப்பூரில் 2016-ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நீரிழிவின்மேல் 'போர்' அறிவித்தது. அங்கும் இந்தியர் நிலை இதுவே. சிறுநீரகம் செயலிழந்து இயந்திரத்தின் துணையால் குருதியைத் தூய்மை செய்துகொள்ளும் நிலைக்கு மக்களைத் தள்ளும் காரணங்களுள், இரு நாடுகளிலும் முதலிடம் பெறுவது நீரிழிவே. கண்பார்வை மங்குவதும், கால் மரத்துப் புண்ணாகி இறுதியில் அக்காலையே இழப்பதும் இந்நோயின் பிற விளைவுகளாம்.

குருதியில் ஒரு தேக்கரண்டி

வளர்ந்த மனிதன் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி ஓடுகிறது. நோயற்ற ஒருவர் காலையில் வெறும் வயிற்றோடு இருக்கும்போது, அக்குருதி முழுவதிலும் கரைந்துள்ள சர்க்கரை 4 அல்லது 5 கிராம்தான். அதாவது ஒரு சிறு தேக்கரண்டி. மருத்துவமனைகள் இதனை லிட்டருக்கு 4 முதல் 5.5 மில்லிமோல் வரை என்று குறிக்கின்றன. வெறும் வயிற்றில் அளந்து 7.0 மில்லிமோலோ அதற்கு மேலோ இருக்கக் கண்டு, மறுமுறை அளந்தபோதும் அவ்வாறே இருப்பின், அது நீரிழிவு எனக் கொள்ளப்படும்.

இனி, தட்டைப் பார்ப்போம். இரண்டு ரொட்டி சானாயும் ஒரு குவளை தே தாரிக்கும் சேர்ந்தால் அவற்றில் உள்ள மாச்சத்தும் சர்க்கரையும் 80 கிராமுக்குக் குறைவதில்லை. குருதியில் உள்ள சர்க்கரையைப்போல் பதினைந்து மடங்குக்கும் மேற்பட்டது, கால்மணி நேரத்தில் வயிற்றுக்குள் செல்கிறது. மாச்சத்து என்பது குளுக்கோசு மணிகளைக் கோத்த சங்கிலி. உமிழ்நீரும் கணைய நீரும் அச்சங்கிலியை அறுக்கின்றன. சிறுகுடல் அம்மணிகளை உறிஞ்சிக் குருதியிற் கலக்கிறது. நாவுக்கு இனிக்காத இட்லியும் வெள்ளை ரொட்டியும் குருதியில் சர்க்கரையாவது இவ்வாறே.

இவ்வளவும் உள்ளே வந்தாலும் நலமுள்ள உடல் தத்தளிப்பதில்லை. கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அது தசைகளையும் கொழுப்புத் திசுக்களையும் சர்க்கரையை ஏற்றுக்கொள்ளச் செய்கிறது. கல்லீரலும் தன் பங்கைச் சேமித்து வைக்கிறது. உண்ட அரைமணி முதல் ஒருமணி நேரத்திற்குள் உச்சத்தைத் தொடும் சர்க்கரை, இரண்டு மூன்று மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆகவே, உண்டபின் சர்க்கரை சிறிது ஏறுவது இயற்கையே, அதுவே நோயாகாது. இன்சுலின் குறைந்தோ, அதன் சொல்லுக்குத் திசுக்கள் செவிசாய்க்காமலோ போகும்போதுதான் ஏற்றம் உயர்ந்தும் நீண்டும் நிற்கிறது. அந்நிலை நாள்தோறும் தொடர்ந்தால் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் நுண்ணிய குழாய்கள் பழுதடைகின்றன.

விடியற்காலையில் நிகழ்வது

உறங்கும் மனிதனுக்கும் மூளை இயங்க வேண்டும். இதயம் துடிக்க வேண்டும். ஆகவே இரவில் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையைச் சிறிது சிறிதாக வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. விடியலை ஒட்டி, உடலை எழுப்பி ஆயத்தம் செய்யும் கார்ட்டிசால் முதலிய சுரப்புகள் மிகுகின்றன. அவை கல்லீரலை மேலும் சர்க்கரை வெளியிடத் தூண்டுவதோடு இன்சுலினின் ஆற்றலையும் ஓரளவு தடுக்கின்றன. நோயற்றவரின் கணையம் இதற்கு உடனே ஈடுசெய்துவிடும். நீரிழிவுடையாரின் கணையத்தால் அது இயலாது. எனவே இரவு எதுவும் உண்ணாமல் படுத்தவருக்கும் காலையில் சர்க்கரை ஏறியிருக்கக்கூடும். ஏற்கெனவே நீர் ததும்பும் குடத்தில் மேலும் ஒரு குடம் நீரைக் கவிழ்ப்பதுபோலத்தான், அந்நேரத்தில் மாச்சத்து மட்டுமே நிறைந்த உணவை உண்பது.

தோட்டப்புறத்தில் வாழ்ந்த முன்னோரும் காலையில் சர்க்கரை இட்ட கோப்பி குடித்தவர்களே. ஆனால் அவர்கள் இருள் பிரியுமுன் பெரட்டுக்குச் சென்று, பிறகு மேடும் பள்ளமும் ஏறி இறங்கி நூற்றுக்கணக்கான பால்மரங்களை வெட்டினர். உண்டதைத் தசைகள் உடனுக்குடன் செலவிட்டன. பேரப்பிள்ளைகள் அதே கோப்பியை, அதைவிட இனிப்பாகக் குடித்துவிட்டு, வண்டியில் அமர்ந்து சென்று, அலுவலகத்திலும் அமர்ந்தே இருக்கின்றனர். உணவு மாறாதிருந்தும் வாழ்க்கை மாறிவிட்டது.

டொரொண்டோவில் பிறந்த அளவுகோல்

கனடாவின் டொரொண்டோ நகரம் நீரிழிவு வரலாற்றில் இருமுறை சிறப்புப் பெற்றது. 1921-ஆம் ஆண்டு பான்டிங், பெஸ்ட் என்னும் இருவர் அங்கேதான் இன்சுலினைப் பிரித்தெடுக்கும் ஆய்வைத் தொடங்கி வெற்றி கண்டனர். அறுபது ஆண்டுகளுக்குப்பின், 1981-இல், அதே நகரின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்சும் அவர்தம் குழுவினரும் 62 வகை உணவுகளையும் சர்க்கரைகளையும் நோயற்றவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்து, உண்டபின் இரண்டு மணி நேரம் குருதிச் சர்க்கரையை அளந்தனர். ஒவ்வோர் உணவிலும் 50 கிராம் மாச்சத்து இருக்குமாறு அளவு வகுத்தனர். குளுக்கோசுக்கு 100 எனக் கொண்டு, மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டு எண் கொடுத்தனர். இதுவே சர்க்கரை ஏற்றக் குறியீடு. 55-ம் அதற்குக் கீழும் குறைவு. 70-ம் அதற்கு மேலும் மிகுதி என்பது இன்றுள்ள வழக்கு.

அந்த ஆய்வில் எல்லா உணவுக் குழுக்களையும்விடக் குறைந்த எண் பெற்றவை உலர்ந்த பருப்பு, பயறு, கடலை வகைகளே. அவற்றின் மாச்சத்து, நாரும் புரதமும் கலந்த அறைகளுக்குள் அடைபட்டிருப்பதால் மெல்லவே வெளிவருகிறது. 'காச்சாங் பூத்தே' என்று மலாய் மொழியில் பெயர் பெற்று, தமிழர் தலைச்சுமையாய்க் கொண்டுசென்று விற்ற கடலை இந்த வகையைச் சேர்ந்ததுதான். எண்ணெயில் பொரிக்காமலும் சர்க்கரைப் பாகு பூசாமலும் அவித்த கொண்டைக்கடலைச் சுண்டல், காலை வேளைக்கு எவ்வகையிலும் தாழ்ந்த உணவன்று.

இக்குறியீட்டுக்கும் எல்லை உண்டு. அது உணவின் தரத்தைக் காட்டுமேயன்றி உண்ணும் அளவைக் காட்டாது. எண் குறைந்த உணவாயினும் இருமடங்கு உண்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். ஒரே உணவு இருவர் உடலில் வெவ்வேறாக வேலை செய்வதும் உண்டு.

தீட்டிய அரிசி தந்த பாடம்

தானியத்தை எவ்வாறு பதம் செய்கிறோம் என்பது உடலுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை உலகம் அறிந்த இடங்களுள் மலாயாவும் ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் ஓய்ந்து உயிரைக் குடிக்கும் பெரிபெரி நோய் இந்நாட்டில் பரவியிருந்தது. இயந்திரத்தில் தீட்டிய வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர் பலர் மடிந்தனர். புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரிடம் அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. கோலாலம்பூர் மனநோயர் இல்லத்தில் வில்லியம் பிளெச்சர் என்னும் மருத்துவர் இருவகை அரிசியையும் இரு பிரிவினர்க்குக் கொடுத்துப் பார்த்து, 1907-ஆம் ஆண்டு தம் முடிவை வெளியிட்டார்: பெரிபெரி வந்தது தீட்டிய அரிசி உண்டவர்களுக்கே. அதன்பின் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும், தீட்டும்போது கழியும் தவிட்டிலேயே நோயைத் தடுக்கும் பொருள் உள்ளது என நிறுவினர். அப்பொருளே தயமின் எனப்படும் பி-1 உயிர்ச்சத்து. நெல்லை அவிக்கும்போது அச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது.

பெரிபெரி வேறு, நீரிழிவு வேறு. எனினும் பாடம் ஒன்றே: தானியம் ஒன்றாயினும் பதம் வேறானால் பயனும் வேறாகும். நெல்லை அவித்து உலர்த்தும்போது மாச்சத்தின் அமைப்பு இறுகுவதால், புழுங்கலரிசிச் சோறு பல சோதனைகளில் பச்சரிசிச் சோற்றைவிட மெல்லச் சர்க்கரையை ஏற்றியிருக்கிறது. ஆனால் அதே புழுங்கலரிசியை ஊறவைத்து, நைய அரைத்து, ஆவியில் வேகவைத்தால், அரைத்த பொடிமணிகளைச் செரிமான நீர்கள் எளிதில் தாக்குகின்றன. இட்லி, இடியப்பம், பிட்டு ஆகியவை எண்ணெயற்ற எளிய உணவாயினும் சர்க்கரையை விரைந்து ஏற்றுவது இதனால்தான். இடியப்பத்தின்மேல் சர்க்கரையைத் தூவி உண்ணும் வழக்கம் நிலையை மேலும் மோசமாக்கும். அச்சர்க்கரை வெள்ளையா, பழுப்பா, பனைவெல்லமா என்பதில் குருதிக்குப் பெரிய வேற்றுமை இல்லை.

கேழ்வரகும் ஓட்ஸும் நீரிழிவுக்கு மருந்து என்று கருதுவோர் பலர். நாரும் சத்தும் நிறைந்தவை என்பது உண்மையே. ஆயினும் மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிய கேழ்வரகும், வெந்நீர் ஊற்றியவுடன் குழையும் பொட்டல ஓட்ஸும் விரைவிலேயே செரிக்கும். முழுமணியாகவோ தடித்த அவலாகவோ உள்ள ஓட்ஸ் அவ்வாறு விரைவதில்லை. மெல்ல வேண்டிய உணவு மெல்லச் செரிக்கும். விழுங்கத்தக்க உணவு விரைந்து செரிக்கும் என்று பொதுவாகக் கூறலாம்.

முதலில் எதை உண்பது?

இட்லியையும் தோசையையும் நாசி லெமாக்கையும் கைவிடவேண்டுமா? வேண்டியதில்லை. அளவையும் துணையையும் வரிசையையும் மாற்றினாலே பெரும்பயன் உண்டு.

நான்கு இட்லி உண்பவர் இரண்டோடு நிறுத்தி, குறைந்த இடத்தைப் பருப்பும் காயும் மிகுந்த சாம்பாராலோ சுண்டலாலோ முட்டையாலோ நிரப்பலாம். அரிசியைக் குறைத்து உளுந்தையும் பயற்றையும் கூட்டி அரைத்த அடையும் பயற்றுத் தோசையும் வெறும் அரிசித் தோசையைவிட நல்லவை. நாசி லெமாக் உண்பவர் சோற்றைப் பாதியாக்கி, முட்டையையும் வெள்ளரியையும் மிகுதியாகக் கொள்ளலாம். தேங்காய்ப்பாலின் கொழுப்பு, உணவு இரைப்பையை விட்டு இறங்குவதைத் தாமதப்படுத்தும். அதனால் ஒருமணி நேரத்தில் அளந்து, 'ஏறவில்லை' என்று மகிழ்ந்தவர்க்கு மூன்றாம் மணியில் ஏறியிருக்கக் காணலாம். கொழுப்பு ஏற்றத்தைத் தள்ளிப்போடுமே ஒழிய, உண்ட மாச்சத்தை இல்லாமற் செய்யாது.

உண்ணும் வரிசையும் முக்கியமானது. 2015-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நீரிழிவுடைய 11 பேர் ஒரே உணவை இருமுறை, வெவ்வேறு நாளில் உண்டனர். ஒரு நாள் ரொட்டியும் பழச்சாறும் முதலில். மறுமுறை காய்கறியும் கோழியிறைச்சியும் முதலில், கால்மணி நேரம் கழித்து ரொட்டியும் பழச்சாறும். இரண்டாம் முறையில் அரைமணியில் நூற்றுக்கு 29-ம், ஒருமணியில் 37-ம், இரண்டு மணியில் 17-ம் சர்க்கரை குறைவாக இருந்தது. சிறிய ஆய்வே ஆயினும், பின்வந்தவையும் இதே திசையைக் காட்டுகின்றன. முதலில் செல்லும் புரதமும் நாரும் இரைப்பையின் வேகத்தைத் தணிக்கின்றன. இன்சுலினைத் தூண்டும் குடற்சுரப்புகளையும் முன்கூட்டியே எழுப்புகின்றன. ஆகவே, காயா ரொட்டியும் அரைவேக்காட்டு முட்டையும் மேசைக்கு வந்தால், முட்டையை முதலில் உண்டு, ரொட்டியை ஒரு துண்டோடு பின்னர் உண்பதற்குக் காசு ஏதும் கூடுதலாகச் செலவாவதில்லை.

குவளையில் மறைந்த சர்க்கரை

தட்டில் உள்ளதைக் குறைப்பவர்கூடக் குவளையை மறந்துவிடுகின்றனர். கெட்டிப்பால் என்பது பாலும் பெருமளவு சர்க்கரையும் சேர்ந்தது. நீர்ப்பொருளாகையால் மெல்லவும் வேண்டாமல், இரைப்பையில் தங்கவும் தங்காமல் அது விரைந்து குருதியை அடைகிறது. பழச்சாற்றின் நிலையும் ஏறக்குறைய இதுவே. கொய்யாவைக் கடித்து உண்பது வேறு, மூன்று பழத்தைப் பிழிந்து நாரை எறிந்துவிட்டுக் குடிப்பது வேறு.

அரசாங்கங்களும் இதனை உணர்ந்துள்ளன. மலேசியா 2019-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி விதித்தது. சிங்கப்பூரில் 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 30 முதல், அடைத்து விற்கும் பானங்கள் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் ஏற்ப ஏ முதல் டி வரை தரம் பிரிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு இறுதியில் கடையில் கலக்கித் தரும் பானங்களுக்கும் அவ்விதி விரிந்தது. கோப்பிக் கடையில் ஒரு சொல் கூட்டிச் சொன்னாலே சர்க்கரை குறையும். 'கோப்பி ஓ கோசோங்' என்றால் பாலும் சர்க்கரையும் இல்லை. 'சியூ டாய்' என்றால் இனிப்புக் குறைவு. முதல் வாரம் இனிப்புக் குறைத்து, அடுத்தடுத்து மேலும் குறைத்துவந்தால் நாவும் பழகிவிடும்.

உண்ட பின்னும், உண்ணாவிடினும்

இயங்கும் தசை, இன்சுலினை எதிர்பாராமலேயே குருதியிலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். உண்டபின் பத்து பதினைந்து நிமிடம் நடப்பது அதனாலேயே நன்மை தருகிறது. பேருந்து நிறுத்தத்துக்கு ஒன்று முன்னதாகவே இறங்கி நடப்பவரும், மாடிப்படி ஏறுபவரும் இப்பயனை அடைவர்.

சிலர், காலையில் உண்டால்தானே ஏறும் என்றெண்ணிப் பசியாறலையே விட்டுவிடுகின்றனர். இஸ்ரேல் நாட்டு ஆய்வாளர் 2015-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நீரிழிவுடையார் காலையுணவை விட்ட நாளில், அவர்தம் பகலுணவுக்குப் பின்னும் இரவுணவுக்குப் பின்னும் சர்க்கரை மிகுதியாக ஏறியது. காலையில் தப்பியது பகலில் வட்டியோடு வந்து சேரலாம் என்பதே இதன் பொருள். அதேபோல், காலையில் பருப்பு வகை உண்டவர்க்குப் பகலுணவின் ஏற்றமும் தணிகிறது என்பதை ஜென்கின்ஸ் குழுவினரே 1982-இல் காட்டினர்.

மருந்துண்போர் கவனிக்க

இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோரும், கணையத்தைத் தூண்டும் கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற மாத்திரை உண்போரும் மருத்துவரைக் கேளாமல் காலையுணவை விடுவதோ மாச்சத்தைத் திடீரெனக் குறைப்பதோ கூடாது. மருந்தின் அளவு பழைய உணவுக்கு ஏற்றது. உணவு குறைந்து மருந்து குறையாவிடில் சர்க்கரை அபாயமாக வீழும். 4.0 மில்லிமோலுக்குக் கீழே சென்றால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் தோன்றும். மேலும் வீழ்ந்தால் நினைவு தவறும். அறிகுறி தோன்றியவுடன் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரிற் கரைத்துப் பருகி, கால்மணி நேரத்தில் மீண்டும் அளந்து பார்க்கவேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவ உதவியை அழைத்தல் வேண்டும். சிறுநீரகம் பழுதுற்றோர் புரதத்தைக் கூட்டுமுன்னும் மருத்துவர் கருத்தைப் பெறுதல் நலம்.

எவ்வுணவு தமக்கு ஏற்றது என்பதை அறிய மிகச் சிறந்த ஆசான் விரல்நுனிக் குருதியை அளக்கும் சிறு கருவியே. பசியாறுமுன் ஒருமுறை, முதற் கவளம் உண்ட இரண்டு மணி நேரத்திற்குப்பின் ஒருமுறை அளந்து, உண்டதையும் பக்கத்தில் குறித்துவைக்க வேண்டும். நீரிழிவுடையார் பலருக்கும் இரண்டாம் எண் 10.0-க்குக் கீழ் இருப்பது இலக்காகக் கூறப்படும். ஒவ்வொருவர்க்கும் உரிய இலக்கை மருத்துவரே வகுப்பார். இரண்டு வாரம் இவ்வாறு செய்தால், எந்தப் பலகாரம் தமக்கு நண்பன், எது பகைவன் என்பது ஐயத்திற்கு இடமின்றி விளங்கிவிடும்.

திருக்குறள் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதில் பெரும்பாலும் உணவின் அளவையும் முறையையுமே பேசுகிறது. அளவறிந்து உண்பது நோய்க்கு முன்னே செல்லும் மருத்துவம் என்ற அறிவு தமிழர்க்குப் புதிதன்று. ஒரு வீட்டில் தாயோ தந்தையோ காலைத் தட்டை மாற்றினால் அது அவர்தம் சர்க்கரையோடு நிற்பதில்லை. அதே மேசையில் அமர்ந்து பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைகளின் நாவும் அதற்கே பழகும். நீரிழிவு குடும்பத்தில் தொடர்ந்து வருவதற்குக் குருதி உறவு மட்டும் காரணமன்று. ஒரே அடுப்பில் தொடரும் பழக்கமும் காரணம். முன்னதை மாற்ற எவராலும் இயலாது. பின்னதை மாற்ற நாளைக் காலையே போதும்.